கொழும்பிலிருந்து கொண்டுவர முடியாமற்போன பொருள்கள்

அஞ்சல் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று பல ஊர்களின் கவுன்டர்களில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப வருவோரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு, சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு பொருளாக எழுத வைத்திருக்கிறேன். கசகசாவைப் போதைப்பொருளாகக் கருதும் வளைகுடா நாடு ஒன்றுக்கு மகனுக்கு மசாலாச் சாமான் அனுப்ப வந்த ஒரு தாயாரிடம், அந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னதற்காக நன்றாக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், சென்ற ஆடி மாதம் முதன்முறையாகக் கடல் கடந்து இலங்கைக்குப் போய்த் திரும்பியபோது, சட்டப்படி எல்லை தாண்டக் கூடாத பொருள்கள் ஐந்தாறு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் திருட்டுத்தனமாகச் சம்பாதிக்கவில்லை. சிலவற்றைப் பணம் கொடுத்து வாங்கினோம், சிலவற்றை உறவினர் அன்போடு கொடுத்தார்கள், ஒன்று கடற்கரையில் சும்மா கிடந்தது.

எங்கள் குடும்பத்துக்குக் கொழும்பு புதிதல்ல. என் தாத்தாவின் தகப்பனார் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு மாட்டுவண்டியில் போய், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்தவர். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்குவதற்கும் முந்திய காலம் அது. அவருடைய மக்களில் என் தாத்தா ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். தனுஷ்கோடி 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்து, ரயிலும் கப்பலுமாக இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் போட் மெயிலும் நின்றுபோன பிறகு, இரண்டு வீடுகளுக்கும் இடையே கடிதங்கள் மட்டும் வந்துபோயின. பெரியப்பா மறைந்து, பெரியம்மாவுக்கு வயது 88 ஆகிவிட்ட நிலையில், அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே முருகன் தலமான கதிர்காமமும் போய்வரலாம் என்று நானும் மனைவியும், கடையத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மனைவியின் தம்பியும், ஒன்பது வயதுப் பேரனும் கிளம்பினோம். பத்தமடைப் பாய் ஒன்று, கல்லிடைக்குறிச்சி அப்பளம் பத்துக் கட்டு, அல்வா இரண்டு கிலோ ஆகியவற்றோடு, என் மனைவி நேர்ச்சையாக வைத்திருந்த மயிற்பீலிக் கட்டு ஒன்றும் பெட்டியில் இருந்தது.

அந்த மயிற்பீலிதான் முதலில் மாட்டியது, அதுவும் நம் நாட்டை விட்டுக் கிளம்பும் முன்னரே. எங்கள் பக்கத்து வயல்களில் மயில்கள் கூட்டமாக மேய்வதும், நிலக்கடலைச் செடியைக் கிளறிப் போடுவதும், ஆவணி புரட்டாசியில் தோகையை உதிர்த்துவிட்டுப் போவதும் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் வியப்பான செய்தியல்ல. வரப்போரம் கிடந்த பீலிகளைத்தான் மனைவி இரண்டு ஆண்டுகளாகப் பொறுக்கிச் சேர்த்திருந்தாள். பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவரிடம் கேட்டதற்கு, சாமிக்குக் கொண்டுபோவதில் என்ன தடை இருக்கப்போகிறது என்றார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி பொறுமையாக விளக்கினார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மயில், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. தானாக உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் வைத்திருக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதையே நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. உதிர்ந்த பீலி எது, மயிலைக் கொன்று பிடுங்கிய பீலி எது என்று எல்லையில் நிற்பவரால் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே தடுத்திருக்கிறார்கள். "முருகனுக்குத்தானே அம்மா, திருச்செந்தூரில் போட்டாலும் அவருக்குத்தானே போய்ச் சேரும்" என்று அவர் சொன்னதை என் மனைவி அப்போது ஏற்கவில்லை. பீலிக்கட்டை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, விமானம் கொழும்பில் இறங்கும்வரை என்னோடு பேசாமல் வந்தாள். முகவர் சொன்னதை நம்பியது என் பிழைதான். பயணச்சீட்டு விற்பவருக்குப் பயணச்சீட்டு தெரியும், அவ்வளவுதான்.

கொழும்பில் பெரியம்மா எங்களுக்காக வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்த பிறகு, பெரியம்மாவின் மகனான அண்ணன் உள்ளேயிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஏட்டுச்சுவடி. பூட்டனார் ஊரிலிருந்து கொண்டுபோனதும், அங்கே இருந்து எழுதிச் சேர்த்ததுமாக அறுபதுக்கு மேற்பட்ட ஏடுகள். வைத்தியக் குறிப்பும், கணக்கும், நடுநடுவே முருகன்மேல் பாட்டுகளும் இருந்தன. பல ஏடுகளில் நம் பக்கத்து வழக்கப்படி கொல்லம் ஆண்டு போட்டிருந்தது. நான் முதலில் படித்த ஏட்டில் இருந்தது கொல்லம் 1073, அதாவது ஏறத்தாழ 1898. சிங்களவர்களின் பழஞ்சுவடிகள் தாளிப்பனை ஓலையில் எழுதப்படுபவை. அகலமாகவும் மென்மையாகவும் இருக்கும். இதுவோ குறுகலான நம் பனையோலை. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த பனையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. "இது உங்க ஊர்ச் சாமான் தம்பி, உங்க ஊருக்கே போகட்டும்" என்றார் அண்ணன்.

அண்ணன் மகள் கப்பல் சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். அவள்தான் குறுக்கிட்டாள். "சித்தப்பா, இதை நீங்க அப்படியே கொண்டுபோக ஏலாது" என்று தொடங்கி, அரைமணி நேரம் எங்களுக்குப் பாடமே நடத்தினாள். தொல்பொருள்களுக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பண்பாட்டு உடைமைகளுக்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டமும் அங்கே இருக்கின்றன. பழைய சிலை, ஓலைச்சுவடி, பழம்புத்தகம், பழைய மரச்சிற்பம் போன்றவற்றை உரிய அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரு பொருளுக்கு 50 வயதைத் தாண்டிவிட்டது என்றாலே தொல்லியல் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு என்பது அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கமாம். எங்கள் வீட்டுச் சொத்துக்கு எதற்கு அனுமதி என்று நான் கேட்டேன். சொத்து உங்களுடையதா என்பது வேறு கேள்வி, அது எல்லையைத் தாண்டலாமா என்பது வேறு கேள்வி என்று அவள் சொன்னாள். 32 ஆண்டுகள் கவுன்டருக்கு இந்தப்புறம் இருந்து நான் சொல்லிவந்த பதிலை, அந்தப்புறம் நின்று கேட்டபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் நம் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிலை, நாணயம், பாத்திரம் போன்றவையும், 75 ஆண்டுக்குக் குறையாத மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள்கள். அவற்றை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. இதே கட்டு கல்லிடைக்குறிச்சியில் இருந்து, அண்ணன் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோக நினைத்திருந்தால், நம் விமான நிலையத்திலும் அவரைத் தடுத்திருப்பார்கள். புதிதாகச் செய்த பித்தளை விக்கிரகத்தையோ குத்துவிளக்கையோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதனால் ஒரு வேலை உண்டு. பார்வைக்குப் பழையதாகத் தோன்றும் எதற்கும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தச் சட்டத்தின் நியாயத்தை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் திருடுபோன நடராசர், எத்தனையோ கை மாறி, 2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடம் ஒன்றுக்கு விலைக்குப் போய், 2019 செப்டம்பரில்தான் திரும்பி வந்தார். 37 ஆண்டுகள் அவர் இல்லாத சன்னிதியைப் பார்த்தே எங்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அவர் திரும்பிய நாளில் தெரு முழுக்கக் கோலம் போட்டு நின்றவர்களில் நானும் ஒருவன். இன்னும் பழைய கதை ஆதிச்சநல்லூருடையது. திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கும் அந்தப் பரம்பை 1876இல் தோண்டிய யாகோர் என்ற ஜெர்மானியர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் பயணிதான், திருடர் அல்லர். அன்றைக்கு அவரைத் தடுக்க ஒரு சட்டம் இல்லை, அவ்வளவுதான். இவற்றையெல்லாம் ஊர்த்திண்ணையில் உட்கார்ந்து ஆற்றாமையோடு பேசிய நான், மற்றொரு நாட்டின் சுங்க மேசை வழியாக ஒரு சுவடிக்கட்டைத் துணிக்கு நடுவே ஒளித்துக் கொண்டுபோக ஒருகணம் மனத்தில் கணக்குப் போட்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கட்டு கொழும்பிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் படமெடுத்து அனுப்புவதாக அண்ணன் மகள் ஏற்றுக்கொண்டாள். மூலத்தையே கொண்டுவர வேண்டுமானால், அண்ணன் பெயரில் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போட்டு, அவர்கள் பார்வையிட்டு, அனுமதி தந்த பிறகே முடியும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு போய் நின்றால் நடக்கிற காரியமல்ல அது. உறவினர் வீட்டிலிருந்து பழம்பொருள் எதையாவது வாங்கிவரும் எண்ணம் உள்ளவர்கள், பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன்பே அந்த வேலையை உறவினர் வழியாகத் தொடங்கிவிடுவது நல்லது.

பெரியம்மா என் மனைவிக்குக் கொடுத்த பொருளைப் பற்றிச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் பிறைவடிவச் சீப்பு ஒன்றைத் தம் கொண்டையிலிருந்தே எடுத்து அவள் தலையில் செருகிவிட்டார். ஆமையோட்டுச் சீப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கள ஆடவர்கள்கூடக் கொண்டையில் செருகிக்கொண்டவை இவை. காலி நகரப் பக்கத்துக் கைவினைஞர்கள் செய்தவை. அழுங்காமையின் ஓட்டை வெந்நீரில் இளக்கி வளைத்துச் செய்வார்களாம். கடலாமை இனங்கள் அனைத்தும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கின்றன. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கையில் இந்தியா 1976இலிருந்து உறுப்பு நாடு; இன்று 180க்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. உயிருள்ள விலங்குக்கு மட்டுமல்ல, அதன் ஓடு, தோல், பல், மயிர் ஆகியவற்றால் செய்த பொருளுக்கும் அது பொருந்தும். வீட்டில் பரம்பரையாக இருந்தது, பாட்டி கொடுத்தது என்பதெல்லாம் கேட்பதற்கு நன்றாக இருக்குமே தவிர, உரிய சான்றுகள் இல்லாமல் எல்லையில் செல்லாது. கிளம்பும் நாள் காலையில் சீப்பைத் திருப்பிக் கொடுத்தபோது பெரியம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. மருமகளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, அதற்குப் பதிலாக ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழைக் கொடுத்தார். மனம் நோகாமல் மறுக்கும் வழி எனக்கு இன்னும் கைவரவில்லை.

கதிர்காமத்துக்குத் தெற்குக் கடற்கரைச் சாலை வழியாக வேனில் போனோம். வெலிகமவைத் தாண்டும்போது சாலையோரத்தில் செவ்விளநீர்க் குலைகள் தொங்கின. அங்கே தம்பிலி என்பார்கள். காய் பொன்போல் இருக்கும், நீர் தேன். என் மச்சான் இறங்கி ஒன்று குடித்தவுடன் அதன் பிள்ளைகளைத் தேடிப் போய்விட்டார். கடைக்காரரின் கொல்லையில் முளைவிட்ட காய்கள் வரிசையாக இருந்தன. இரண்டு பிள்ளைகளுக்கு விலை பேசி வேனுக்குக் கொண்டுவந்தபோது, கொஞ்சம் தமிழ் பேசும் சிங்கள ஓட்டுநர் வண்டியில் ஏற்றவே மறுத்துவிட்டார். காரணம் கேட்டதும், சாலையின் இருபுறமும் ஓலை தொங்கி மஞ்சளித்து நின்ற மரங்களைக் காட்டினார். அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் வெலிகமத் தென்னை வாடல் நோய் அது. மருந்தில்லாத நோய் என்பதால், பாதித்த பகுதியிலிருந்து தென்னம்பிள்ளைகளை நாட்டின் மற்றப் பகுதிகளுக்குக் கொண்டுபோகவே அந்த அரசு தடை விதித்திருக்கிறது. கொழும்புக்கே போகக் கூடாத பிள்ளையை என் மச்சான் கடையத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல ரகத்தைக் கண்டால் ஒரு கன்று, ஒரு விதை, ஒரு பதியன் என்று மடியில் முடிந்துகொண்டு வருவது நம் பக்கத்து விவசாயியின் இயல்பு. ஆனால் அதே மச்சான்தான், தோப்பில் சுருள் வெள்ளை ஈ பரவி, மட்டைகளின்மேல் கரும்பூசணம் படர்ந்து, காய்ப்புக் குறைந்தபோது, மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு திரிந்தவர். அந்த ஈ நம் நாட்டுப் பூச்சியல்ல. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. 2016இல் பொள்ளாச்சித் தோப்புகளில்தான் முதலில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் தென்னை உள்ள இடமெல்லாம் பரவியது. அதற்கு முன்பு 2008இல் கோவைப் பக்கத்தில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்ததில் எத்தனையோ குடும்பங்கள் நொடித்தன; அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவியைப் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து முறைப்படி தருவித்து விட்ட பிறகே நிலைமை சீரானது. இப்படிப்பட்டவை ஏதோ ஒரு செடியிலோ காயிலோ ஒட்டிக்கொண்டு கடல் கடந்து வருகின்றன. யாருடைய பையில் வந்தன என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை. போதாக்குறைக்குக் கேரளத்து வேர்வாடல் நோய் வேறு மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் தலைகாட்டியிருக்கிறது. இந்தியாவில் 1914ஆம் ஆண்டே பூச்சிகள் பற்றிய சட்டம் வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. நடுவதற்கான கன்று, விதை, கிழங்கு எதுவானாலும், இங்கே முன்கூட்டி வாங்கிய இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டு வேளாண் அதிகாரி தந்த தாவர நலச் சான்றிதழும் வேண்டும். வேர்மண்ணோடு கொண்டுவருவது இன்னும் பெரிய பிழை. செடியைவிட மண்ணில்தான் ஆபத்து அதிகம்.

இதையெல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்ட மச்சான், கொழும்புச் சந்தையில் முற்றிய தம்பிலிக்காய் ஒன்றை வாங்கித் தம் பெட்டியில் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தார் என்பது நம் மண்ணில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்து நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. காய்தானே, பிள்ளை இல்லையே என்பது அவர் வாதம். சுங்கத்தில் அறிவிக்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் நுழையாமல், அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய், நாங்களாகவே பெட்டியைத் திறந்து காட்டினோம். காயை எடுத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள், அபராதம் இல்லை. மறைத்துப் பிடிபட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். சந்தேகமான பொருள் கையில் இருந்தால் சிவப்பு வழிதான் என்பதை மட்டும் இந்தப் பயணத்துக்குப் பிறகு என்னிடம் ஆலோசனை கேட்கிற எல்லோரிடமும் தவறாமல் சொல்கிறேன்.

திசமகாராமைக்கு அருகே தேநீர் குடிக்க நிறுத்தியபோது ஒருவர் வந்து யானைமுடி மோதிரம் வேண்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நம் ஊரிலும் கண்ணேறுக்கு நல்லது என்று போடுகிறார்கள் என்பதால் மச்சான் விரலை நீட்டிவிட்டார். விற்கிறவர் ஏன் குரலைத் தாழ்த்துகிறார் என்று யோசித்தாலே போதும். அசலானால் அது யானையின் உறுப்பு, இரு நாட்டிலும் குற்றம். போலியானால் காசு வீண்.

திரும்பும் நாளில் கொழும்பு விமான நிலையத்தில் எங்களை நிறுத்தியது பெரியவர்களின் பெட்டியல்ல, பேரனின் முதுகுப்பை. ஹிக்கடுவைப் பக்கம் கடற்கரையில் இறங்கியபோது, அலை ஒதுக்கியிருந்த வெள்ளைக் கல் ஒன்றையும், ஒரு தண்ணீர்ப் போத்தல் நிறைய மணலையும் அவன் சேர்த்து வைத்திருந்தான். அந்தக் கல் பவளம். மேலே பூப்பூவாகக் குழிகள் இருந்தன. செத்த பவளம்தான், எலும்புக்கூடு மட்டுமே. உயிரற்றது என்பதால் விலக்கில்லை. பாறை அமைக்கும் கற்பவள இனங்கள் எல்லாம் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. இலங்கையிலிருந்து அவற்றை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. இந்தியாவிலோ அவை முதல் அட்டவணை உயிரினங்கள். அங்கே தப்பியிருந்தால் இங்கே மாட்டியிருப்போம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்ததே பெரும்பாலும் இந்தப் பவளத்துக்காகத்தான். ஒரு காலத்தில் தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாறை போன இடத்தில் மீனும் போயிற்று, கரையும் கரைந்தது.

அதிகாரி பேரனைத் திட்டவில்லை. கல்லை மேசைமேல் வைத்து, இது யாருடைய வீடு என்று கேட்டார், இவன் விழித்தான். குழந்தை என்பதால் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். பெரியவர் பையில் அதே கல் இருந்திருந்தால் அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. குழந்தைகளின் பையை முதல்நாள் இரவே கொட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எந்தப் பயண வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை. மணலும் போயிற்று. மணலுக்குமா என்று சிரிக்கத் தோன்றும். இத்தாலியின் சார்தீனியாத் தீவில் கடற்கரை மணலை எடுப்பதற்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் உண்டு. 2019இல் பிரெஞ்சுத் தம்பதி ஒருவர் காரில் 40 கிலோ மணலோடு அங்கே பிடிபட்டனர். மாலத்தீவிலும் பவளம், ஆமையோடு ஆகியவற்றை வெளியே கொண்டுபோகத் தடையிருக்கிறது. தேனிலவுக்குப் போகும் நம் பிள்ளைகள் சங்கும் சிப்பியுமாகப் பொறுக்கும்போது இதை நினைவில் வைத்தால் நல்லது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் கடைகளில் விற்கும் புத்தர் சிலைகளை நுண்கலைத் துறையின் உரிமம் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. கழுத்தில் அணியும் சிறு உருவத்துக்கு விலக்கு உண்டு. மின்சிகரெட் எந்த நாட்டில் எவ்வளவு தாராளமாகக் கிடைத்தாலும், 2019ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியில்லாமல் கொண்டுவந்து சிக்கியவர்கள் உண்டு. இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரைதான் எடுத்துப் போகலாம், கொண்டுவரலாம். வெளிநாட்டுப் பணம் நோட்டாக 5,000 டாலரையோ, எல்லாம் சேர்த்து 10,000 டாலரையோ தாண்டினால் வந்திறங்கும்போது அறிவிக்க வேண்டும். தங்கத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பள்ளிப் பிள்ளைக்குக்கூட அந்த விதி மனப்பாடம்.

கடைக்காரர் ரசீது தந்தார் என்பதை நம்பி ஏமாறுவோர்தான் மிகுதி. ரசீது விலைக்குச் சாட்சி, அனுமதிக்குச் சாட்சியல்ல. ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, அது விலங்கிலிருந்து வந்ததா, செடியிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து வந்ததா, என்னைவிட வயதில் மூத்ததா என்று இப்போது நான் கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று வந்தால், வெளியே போகும் நாட்டின் விதி, உள்ளே வரும் நாட்டின் விதி இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று அனுமதித்து மற்றொன்று தடுப்பதுதான் பலருக்கும் நேர்கிற சிக்கல். வழியனுப்ப வந்தவரை, நாம் சோதனை முடித்து உள்ளே போகும்வரை விமான நிலைய வாசலில் நிற்கச் சொல்வதும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மயிற்பீலியோடு போன அன்றைக்கு வண்டிக்காரரை உடனே அனுப்பிவிட்டதால்தான் அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

தேயிலை, கறுவாப்பட்டை, கித்துள் கருப்பட்டி, குங்குமச்சிமிழ் ஆகியவை தடையில்லாமல் வந்து சேர்ந்தன. புரட்டாசியில் புதிதாக உதிர்ந்த பீலிகளைச் சேர்த்து, கார்த்திகையில் திருச்செந்தூரில் நேர்ச்சையை முடித்தாள் மனைவி. மச்சான் இன்னும் தம்பிலியைப் பற்றிப் பேசுகிறார்.

ஏடுகளின் படங்கள் வாரத்துக்கு ஐந்தாறாக வந்துகொண்டிருக்கின்றன. பாளையங்கோட்டையில் சுவடி படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிறேன். போன வாரம் வந்த கொல்லம் 1073ஆம் ஆண்டு ஏடு ஒன்றில், பூட்டனார் அந்தத் தடவை கப்பலில் கொண்டுபோன சாமான்களைக் குறித்திருக்கிறார். கருப்பட்டி நாலு சிப்பம், பாய் இரண்டு என்று தொடங்கி, கடைசியில் கொழும்புத் துறையில் கட்டிய தீர்வை 1 ரூபாய் 25 சதம் என்று முடிகிறது. மூன்றாவதாக எழுதியிருக்கும் பொருளின் பெயர் செல்லரித்துப் போய்விட்டது. முதலெழுத்து ‘ம’ என்று நண்பர் சொல்கிறார், எனக்கு ‘ய’ போலத் தெரிகிறது. அந்த ஏட்டை மட்டும் வெயிலில் பிடித்து மறுபடியும் படமெடுத்து அனுப்பும்படி அண்ணன் மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.